கல்யாண ஊஞ்சலின் திருகல் கணக்கு

மந்தைவெளி,
25-1-1995

தியாகராய நகர் ஸ்ரீமான் வேதாந்தம் ஸ்வாமிக்கு, அடியேன் ராமானுஜம் தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் க்ஷேமம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் தங்கள் கடிதம் வந்ததிலிருந்து என் அகத்துக்காரி கோமளம் சரியாகச் சாப்பிடவில்லை, எனக்கும் பி.பி. நூற்றறுபதைத் தொட்டுவிட்டது, ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன். தாங்களும் சம்பந்தி மாமியும் சிரஞ்சீவி ஜெயராமும் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று கேசவப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன், இதை மனசாரத்தான் எழுதுகிறேன். டெலிபோனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போன வாரம் இரண்டு தரம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டாகிவிட்டது. முதல் தரம் லைனில் கோளாறு என்று நினைத்தேன். இரண்டாவது தரம் தாங்கள் ரிசீவரை வைக்கிற சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது.

தங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். கல்யாணத்தில் ஊஞ்சல் கூடாது என்று பெண்ணைப் பெற்றவன் சொல்வது நம் இரண்டு குலத்திலும் கேள்விப்படாத அநாசாரம் என்றும், மண்டபத்துக்காரர் தங்கள் ஒன்றுவிட்ட தம்பி என்பதால் அவரைக் குறை சொன்னது தங்களைக் குறை சொன்ன மாதிரி என்றும், ஊஞ்சலுக்குச் சம்மதம் என்று திங்கட்கிழமைக்குள் எழுத்து மூலமாகத் தராவிட்டால் ஜெயராமுக்கு வேறு இடம் பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. எழுத்து மூலமாகவே தருகிறேன். ஊஞ்சல் கூடாது என்று நான் எந்த ஜன்மத்திலும் சொன்னதில்லை. அந்த மண்டபத்தில், அந்த உத்தரத்தில், அந்தக் கொக்கியில் கூடாது என்றுதான் சொன்னேன். தை இருபத்திமூணாம் தேதி என் பெண் ஸ்ரீரஞ்சனி அதில் உட்காரமாட்டாள். தங்கள் பிள்ளையையும் உட்கார விடமாட்டேன். அவன் இன்னும் என் மாப்பிள்ளை ஆகவில்லை, ஆகாமலேகூடப் போகலாம், ஆனாலும் ஒருத்தர் பெற்று வளர்த்த பிள்ளை அந்தரத்தில் தொங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நடந்ததை ஆதியிலிருந்து சொல்கிறேன், மாமி வந்து சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு தாங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். மார்கழி கடைசியில் நானும் கோமளமும் மண்டபத்தைப் பார்த்துவிட்டு வரப் போனோம். மானேஜர் சிதம்பரநாதன் நல்ல மனுஷர், சாப்பாட்டு ஹாலையும் ஜெனரேட்டரையும் பிள்ளை வீட்டார் ரூமையும் காட்டிக்கொண்டே வந்தார். கோமளம் பாத்ரூம் குழாயெல்லாம் திறந்து பார்த்தாள். நான் மேலே பார்த்தேன். எங்கே போனாலும் நான் கூரையைப் பார்க்கிறவன், அது என் சுபாவம், அம்பத்தூரில் ஒரு கிரேன் கம்பெனி டிசைன் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன் வேறே எதைப் பார்ப்பான். நிச்சயதார்த்தத்தின்போது தங்கள் அகத்து ஹாலிலும் பார்த்தேன். மூணாவது ஃபேன் கொக்கி சரியில்லை. அன்றைக்கே சொல்லியிருப்பேன், கோமளம் என் வேஷ்டியைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

மண்டபத்து ஊஞ்சல் பார்க்க லக்ஷணமாகத்தான் இருக்கிறது. பித்தளைச் சங்கிலி, தேக்குப் பலகை, மேலே பூ வேலைப்பாடு பண்ணின ஃபால்ஸ் சீலிங். சங்கிலி அந்தப் பூவுக்கு நடுவில் ஒரு ஓட்டை வழியாக உள்ளே போகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். இரும்பு சார் என்றார். எந்த இரும்பு என்றேன். ஸ்ட்ராங்கான இரும்பு என்றார். ஏணியைப் போட்டு ஏறி ஓட்டைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஆறு அங்குலச் சேனல். அதாவது நம்ம 'ப' எழுத்தை ஒருக்களித்துப் படுக்க வைத்த வடிவம், மூணு பக்கம் தகடு, ஒரு பக்கம் திறந்த வாய். அந்த வாய்ப்பக்கம் தள்ளிக் கொக்கி. எனக்கு ஏணியிலேயே வேர்த்துவிட்டது. கனத்தை உத்தரத்துக்கு நேர் கீழே தொங்கவிட்டால் உத்தரம் வளையும், அவ்வளவுதான், அதற்குக் கணக்கு எல்லோரிடமும் இருக்கிறது. பக்கவாட்டில் தள்ளித் தொங்கவிட்டால் வளைவதோடு திருகவும் செய்யும். நிறைய வாணலியை ஒரு காதை மட்டும் பிடித்துத் தூக்கினால் மணிக்கட்டு என்ன பாடுபடும், மாமியைக் கேட்டால் சொல்வார். இந்தத் திருகலைச் சேனல் எவ்வளவு தாங்கும் என்று கேட்டேன். நானூறு ஜோடி ஆடியாச்சு சார் என்றார் சிதம்பரநாதன். நானூறு ஜோடி என்பது ஒரு கணக்கா ஸ்வாமி?

அகத்துக்கு வந்து என் இரும்பு அட்டவணைப் புஸ்தகத்தைப் பிரித்தேன். இந்தச் சேனல் ஒரு மீட்டர் எவ்வளவு கிலோ, வெட்டினால் எத்தனை சதுர சென்டிமீட்டர், வளைவுக்கு எவ்வளவு தாங்கும், எல்லாம் போட்டிருக்கிறான். வளைவுக்கான எண் எழுநூற்று எண்பது. திருகலுக்கு? போடவேயில்லை. அந்தப் பத்தியே கிடையாது. கடைசிப் பக்கத்தில் இருக்குமோ என்று பார்த்தால் அங்கே கோமளம் கையெழுத்தில் வடாம் மாவுக்கு அளவு எழுதியிருக்கிறது. அதற்கப்புறம் லஸ் பிளாட்பாரத்துப் பழைய புஸ்தகக் கடையில் அரைநாள் உட்கார்ந்தேன், கடைக்காரர் மூணு ஜோசியப் புஸ்தகமும் ஒரு மரவேலைப் புஸ்தகமும் எடுத்துக் கொடுத்தார். பிறகு அடையாறு தாண்டி ஒரு காலேஜ் லைப்ரரிக்குப் போனேன். மெம்பர் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்றார் வாசலில் இருந்தவர். பெண்ணுக்குக் கல்யாணம் என்றேன். கல்யாணத்துக்கும் லைப்ரரிக்கும் என்ன சம்பந்தம் என்றார். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே உள்ளே போங்கோ சார் என்று கும்பிட்டுவிட்டார்.

வழி கிடைத்தது. ரொம்ப சுலபம். ஒவ்வொரு தகட்டுக்கும் அகலத்தை ஒரு தரமும் தடிமனை மூணு தரமும் பெருக்கி, மூணால் வகுத்து, மூணு தகட்டையும் கூட்ட வேண்டியது. அன்றைக்கே ரஞ்சனி பாங்கிலிருந்து வந்ததும் அவளை எதிரே உட்காரவைத்து, அவள் எண்ணைப் படிக்க நான் பெருக்கினேன். விடை என்ன வந்தது தெரியுமா? நாலும் கொஞ்சமும். வளைவுக்கு எழுநூற்று எண்பது இருக்கிற இடத்தில் திருகலுக்கு நாலு. அவள் மறுபடி போட்டாள், அதே நாலு. நாலை நம்பி ஒருத்தன் பெண்ணை உட்காரவைப்பானா?

இப்போது ரவை விஷயத்துக்கு வருகிறேன். மாமி கண்ணால் கண்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் கண்டதற்கு அர்த்தம் வேறே. அந்தப் புஸ்தகத்திலேயே இன்னொரு வழியும் போட்டிருந்தது: உத்தரத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற வடிவத்தில் அட்டையை வெட்டி, அதன்மேல் காய்ந்த மணலைச் சரிந்து விழுகிறவரைக்கும் குவிக்க வேண்டியது, குவியல் எவ்வளவு பெரிதோ, உத்தரம் அவ்வளவு திருகலைத் தாங்கும். நான் கண்டுபிடித்ததில்லை, பெரிய பெரிய ஜெர்மன்காரனெல்லாம் பண்ணியிருக்கிறான். மணல் எதிரே வீடு கட்டுகிற இடத்தில் இருக்கிறது, ஆனால் அது பூனைகள் புழங்குகிற மணல். ஆகவே பக்ஷணத்துக்கு வாங்கி வைத்த ரவையை எடுத்தேன். அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகை, நல்ல கெட்டி அட்டை. 'ப' வடிவத்தை வெட்டினதில் தங்கள் பெயர் இருக்கிற இடம் வாய்க்கு நடுவில் மாட்டிக்கொண்டு துண்டாக விழுந்துவிட்டது. துவேஷமில்லை, அச்சடித்தவன் பெயரை அங்கே போட்டிருக்கிறான். நானும் ரஞ்சனியும் தரையில் உட்கார்ந்து குவித்தோம். சேனலில் ஒரு ஸ்பூன்தான் நின்றது. அதே அளவு அட்டையைச் சதுரமாக வெட்டிக் குவித்தால் நாலு ஸ்பூன் நிற்கிறது. பார்த்தாயா, பார்த்தாயா என்று நான் சந்தோஷத்தில் கத்தின நேரத்தில்தான் மாமி கூறைப்புடவை சாம்பிளோடு வாசலில் வந்து நின்றார். தீர்த்தம்கூடச் சாப்பிடாமல் திரும்பிவிட்டார். சாயங்காலத்துக்குள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மாம்பலம் பூரா செய்தி.

பேதலிக்கவில்லை என்று நிரூபிக்கத்தான் அடுத்த காரியம் பண்ணினேன். தை பிறந்து அந்த மண்டபத்தில் நடந்த முதல் கல்யாணத்துக்குப் போனேன். யார் கல்யாணம் என்று தெரியாது. பட்டு வேஷ்டி கட்டிண்டு, சந்தனம் இட்டுண்டு, மடியில் கொத்தனார் சுவருக்கு நேர் பார்க்கிற தூக்குகுண்டு ஒன்று வைத்துண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பெண்ணும் பிள்ளையும் ஊஞ்சலில் உட்கார்ந்ததும் நைஸாகப் பலகைக்குப் பின்னால் போய்ப் படுத்து, சங்கிலிக்குப் பக்கத்தில் நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். சுமங்கலிகள் பாடிண்டே சுற்றி வந்து பச்சைப்பிடி போட்டார்கள். நாலு திக்கிலும் போடணும் என்பது சாஸ்திரம், ஒரு மாமி போட்ட சிவப்புச் சாத உருண்டை நேரே என் வலது கண்ணில் வந்து விழுந்தது. இடது கண்ணால்தான் பார்த்தேன், ஆனாலும் பார்த்தேன்: சங்கிலி ஒரு நூலிழை சாய்ந்தது. சாட்சாத் திருகல். என்னை மண்டபத்து எலெக்ட்ரீஷியன் என்று நினைத்துக்கொண்டு, போகும்போது தேங்காய் போட்ட தாம்பூலப் பையும் கொடுத்தனுப்பினார்கள். அந்தத் தேங்காயில்தான் மறுநாள் துவையல். திருகலுக்கு அத்தாட்சி வேண்டுமென்றால் கோமளத்தைக் கேளுங்கோ.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் நான் ஆட்சேபம் பண்ணவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். காலண்டர் தாள் ஒன்றைச் சுருட்டிக் குழாயாக ஒட்டித் திருகிப் பாருங்கள், அசைந்து கொடுக்காது. அதையே நீளவாக்கில் ஒரு கீறல் கீறிவிட்டுத் திருகுங்கள், துவண்டுபோகும். அந்தச் சேனலின் திறந்த வாயை ஒரு தகடு வைத்து அடைத்துப் பற்றவைத்தால், அதே இரும்பு நூறு மடங்குக்கு மேல் திருகலைத் தாங்கும். ஒருநாள் வேலை. அந்த ஊஞ்சலை மாட்டினவர் யார் என்று விசாரித்து, சிந்தாதிரிப்பேட்டையில் சந்துக்குள் சந்து புகுந்து ஷரீஃப் என்கிற வெல்டரைக் கண்டுபிடித்தேன். ஒரு மணி நேரம் அவருக்கு எல்லாம் விளக்கினேன். அவர் மூணு தரம் என்னவோ சொல்ல வாயெடுத்தார், நான் விடவில்லை, எனக்கு அவகாசம் ஏது. கடைசியில், "இன்னா சார் பண்ணணும், பிளேட்டு அடிக்கணும், அவ்ளோதான? கூரையத் தொறக்கச் சொல்லு, வரேன்" என்றார். தங்கள் தம்பி கூரையைத் திறக்கமாட்டேன் என்கிறார். பூ வேலைப்பாடு உடைந்துவிடுமாம். என் பெண் இடுப்பு உடைந்தால் பரவாயில்லையாம்.

நேற்று தங்கள் கடிதம் வந்ததும் ரஞ்சனியைக் கூப்பிட்டு உட்காரவைத்து முழுக்கப் படித்துக் காட்டினேன். ஒளிக்கவில்லை. என்னம்மா சொல்றே என்றேன். "நீங்க உக்காராதேன்னா நான் உக்காரமாட்டேன்பா. அதுக்காக அவா வேண்டாம்னா, வேண்டாம்னு சொல்லிக்கட்டும்" என்றாள். கேட்டேளா ஸ்வாமி? அதுதான் என் பெண். எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்துவிட்டது. பத்திரிகை கொடுத்தாச்சு, ஊரெல்லாம் சொல்லியாச்சு, சமையல்காரருக்கு அட்வான்ஸ் போயாச்சு என்று கோமளம் அழுகிறாள், அழட்டும். ஊரார் சிரிப்பார்கள் என்கிறாள், சிரிக்கட்டும். நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட கிரேன் ஒன்றுகூட இன்றைக்குவரை விழுந்ததில்லை. கல்யாணத்துக்காக என் கணக்கை நான் மாற்றிக்கொள்ளமாட்டேன். கூரையைத் திறந்து தகடு அடிக்கச் சம்மதமென்றால் கல்யாணம். இல்லையென்றால் தங்கள் பிள்ளைக்குத் தாங்கள் தாராளமாக வேறு இடம் பார்க்கலாம், பார்க்கிற மண்டபத்திலாவது ஏணி போட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

மாமிக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும். புடவை சாம்பிளில் அரக்கு ரொம்ப நன்றாயிருப்பதாகக் கோமளம் சொல்லச் சொன்னாள். சிரஞ்சீவி ஜெயராமுக்கு, எங்கே கல்யாணம் நடந்தாலும் யாரோடு நடந்தாலும், சகல சௌபாக்கியமும் உண்டாகவேண்டுமென்று அநேக ஆசீர்வாதம். பெருமாள் தங்களுக்குத் தீர்க்காயுசும் மேலே பார்க்கிற புத்தியும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி (அல்லது சம்பந்தியாக இருந்திருக்கக்கூடிய)
அடியேன் ராமானுஜம்

பி.கு.: மேலே இருப்பதைக் காலையில் எழுதி உறையில் போட்டு, ஸ்டாம்பு தேடிக்கொண்டிருந்தேன். வாசலில் ஸ்கூட்டர் சத்தம். ஜெயராம். கையில் மண்டபத்துச் சாவி. சித்தப்பாவிடம் தானே போய்ப் பேசி, அதையும் ஷரீஃப் விலாசத்தையும் வாங்கிக்கொண்டு வந்தானாம், தாங்கள் எனக்கு எழுதினது அவனுக்கு நேற்று ராத்திரிதான் தெரியுமாம். "கிளம்புங்கோ மாமா, ஷரீஃப் அங்க வந்துண்டிருக்கார்" என்றான். நான் தூக்குகுண்டையும் நோட்டையும் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

சிதம்பரநாதன் முணுமுணுத்துக்கொண்டே நிற்க, ஷரீஃப் பூ வேலைப்பாட்டை ஒரு இதழ்கூட உடையாமல் கழற்றி இறக்கினார். ஜெயராம் ஏணியைப் பிடித்துக்கொண்டான். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்வாமி, 'ப'-வின் வாய் அந்தண்டைப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. கொக்கி இருப்பது வாய்ப்பக்கம் இல்லை, முதுகுப் பக்கம். அன்றைக்கு ஓட்டைக்குள் கையை விட்டபோது விரலில் தட்டுப்பட்டது கொக்கியைத் தாங்குகிற தகடு, நான் அதைச் சேனலின் உதடு என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். சேனலின் முதுகுக்கு வெளியே ஓர் அங்குலம் தள்ளி ஒரு புள்ளி உண்டு. அங்கே தொங்கவிட்டால் அது வளையுமே தவிரத் துளிக்கூடத் திருகாது. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை, என் நோட்டிலேயே ஓர் அங்குலம் என்று கணக்குப் போட்டு அடிக்கோடும் போட்டு வைத்திருக்கிறேன். கொக்கி சரியாக அந்த ஓர் அங்குலத்தில் இருக்கிறது. டேப் வைத்து இரண்டு தரம் அளந்தேன்.

இது எப்படித் தெரியும் என்று ஷரீஃபைக் கேட்டேன். "மொதல்ல நடுவுலதான் சார் வெச்சேன். ரெண்டு ஆள உக்கார வெச்சா சேனலு தலைய சாய்ச்சிக்கினு நிக்குது. முதுகு பக்கமா தள்ளித் தள்ளிப் பாத்தேன், இங்க வந்தப்போ நேரா நின்னுக்கிச்சி. அங்கியே பத்த வெச்சிட்டேன். அத்ததான் அன்னிக்கே சொல்ல வந்தேன், நீ பேசிக்கினே இருந்த" என்றார்.

ஆகவே நான் மூணு வாரமாகத் தேடின அந்த நாலை, கொக்கி வாய்ப்பக்கம் தள்ளியிருக்கிறது என்று நான் போட்ட நாலங்குலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, தள்ளல் பூஜ்யம், திருகலும் பூஜ்யம். சங்கிலி சாய்ந்ததுகூட, அன்றைக்குப் பெண்ணின் அத்தை அதைப் பிடித்துக்கொண்டு நின்றதால் என்று இப்போது ஞாபகம் வருகிறது. இருந்தாலும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. திறந்து பார்க்காமல் இது யாருக்கும் தெரிந்திருக்காது, தங்கள் தம்பிக்கும்தான். தகடும் அடித்துவிடச் சொல்லிவிட்டேன், மண்டபத்து ஆபீஸ் ரூமில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், அடிக்கிற சத்தம் இதோ கேட்கிறது, தகட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். ஆபீஸ் ரூமிலிருந்து ரஞ்சனிக்குப் பாங்குக்கு டெலிபோன் பண்ணி, என் கணக்கு தப்பும்மா, நீ தாராளமா உக்காரலாம் என்றேன். "நிஜமாவாப்பா? இல்ல, எனக்காகச் சொல்றேளா?" என்றாள். நிஜம்தான் என்றேன். மறுபடியும் அதையே கேட்டாள். மூணாவது தரம் கேட்கும்போது அழ ஆரம்பித்துவிட்டாள், கஸ்டமர்கள் எதிரிலேயே. நேற்று அவள் உட்காரமாட்டேன் என்று சொன்னபோது நான் பெருமைப்பட்டேனே தவிர, அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாயையும் முதுகையும் மாற்றிக் கணக்குப் போட்டவனை நம்பி அவள் சரி என்றிருக்கிறாள்.

அகத்துக்கும் டெலிபோன் பண்ணினேன், மேலே உள்ள பக்கங்களைக் கிழித்துப் போடச் சொல்கிறாள் கோமளம். கிழிக்கவில்லை, படித்துவிட்டுத் தாங்கள் எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இருங்கள். இந்தக் கடிதத்தை ஜெயராம் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவளுக்கு அவனை ரொம்பப் பிடித்திருக்கிறது ஸ்வாமி. கல்யாணத்தை நிறுத்திடாதேங்கோ.